யார் பொறுப்பு? கரிசல் காட்டில் தடுப்பூசித் தயக்கம்

2021 ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கோவேக்சின் போட்டுக்கொண்டார். தனியார் மருத்துவமனைக்குப் போக அவருக்கு வசதி இல்லாமல் இல்லை. பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காகவே அரசு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்துச் செய்தியாளர்கள் முன்னிலையில் பேசினார். மறுநாள் காலை மாரடைப்பு. 17ஆம் தேதி விடியற்காலையில் இறந்துவிட்டார். வயது 59.

இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாய் ஒன்று முழுவதும் அடைபட்டிருந்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள். தடுப்பூசிக்கும் மாரடைப்புக்கும் தொடர்பில்லை என்று அப்போதைய சுகாதாரத் துறைச் செயலாளர் ஜெ. ராதாகிருஷ்ணனும் உடனே விளக்கினார். விளக்கம் சரியானதுதான். ஆனால் ஊர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. மருத்துவமனை வாசலில் தடுப்பூசியைப் பழித்துப் பேசிய ஒரு நடிகர் மீது வழக்குப் பாய்ந்தது. தடுப்பூசி வாங்குவதற்காகச் சுகாதாரத் துறைக்கு 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு உயர் நீதிமன்றம் அவருக்கு முன்ஜாமீன் கொடுத்தது. ஆகஸ்டில் தேசிய மனித உரிமை ஆணையம் விவேக்கின் மரணம் குறித்த புகாரை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, இது தற்செயலாக நேர்ந்த மாரடைப்பு, ஊசி காரணமல்ல என்று முடிவு சொன்னபோது அக்டோபர் பாதி தாண்டிவிட்டது. சந்தேகம் கிளம்பியது ஒரே நாளில். முறையான பதில் வர ஆறு மாதம்.

விவேக் கோவில்பட்டியில் பிறந்தவர். அதனால் இந்தச் செய்தி தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைவிட இங்கே ஒரு படி கூடுதலாகவே தைத்தது. நம்ம ஊர்ப் பிள்ளை, மரம் நட்டவர், படித்தவர், பெரிய டாக்டர்களைத் தெரிந்தவர். அவருக்கே இப்படி என்றால் நமக்கு? கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம், வடக்கே சாத்தூர் வரை நீளும் கரிசல் வட்டாரத்தில் அந்தச் சித்திரை மாதத்தில் தடுப்பூசி பற்றிய எந்தப் பேச்சும் அங்கேதான் போய் நின்றது.

இந்தப் பேச்சை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. அன்றைய தொலைக்காட்சி விவாதங்களும் விழிப்புணர்வுப் பாடல்களும் அதைத்தான் செய்தன. இந்த வட்டாரத்தில் ஊசியை வேண்டாம் என்று கொள்கையாகச் சொன்னவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் கேட்டது வேறொரு கேள்வி. “போட்டுட்டுப் போயிருவீக. நாளைக்கி ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?” கிராம சுகாதாரச் செவிலியர்கள் வாசல் வாசலாகக் கேட்டுச் சலித்த கேள்வி இது. கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. ஊசி எப்படி வேலை செய்கிறது, எத்தனை சதவீதம் பாதுகாப்பு தருகிறது என்பதற்கெல்லாம் கையேட்டில் பதில் இருந்தது; அவற்றை யாரும் கேட்கவில்லை. கரிசலின் தயக்கம் பெரும்பாலும் பொறுப்பு பற்றியதுதான் என்பது என் கணிப்பு. அதற்குக் காரணங்கள் இந்த மண்ணிலேயே இருக்கின்றன.

முதல் காரணம் கூலி. மானாவாரிச் சீமை இது. புரட்டாசியில் விதைத்துத் தை, மாசியில் உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமும் வீடு சேர்ந்தால் அதோடு காட்டுவேலை முடிந்தது. மீதி மாதங்களுக்கு நூறு நாள் வேலை, வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுவது, ஆடு மேய்ப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தீப்பெட்டி ஆபீஸ். வெளியூர்க்காரர்களுக்கு ஆபீஸ் என்றால் நாற்காலியும் ஃபைலும். இங்கே அது குச்சியும் மருந்தும். கட்டை அடுக்குவதும் பெட்டி அடைப்பதும் பெரும்பாலும் பெண்கள், எண்ணிக்கைக்குத்தான் கூலி. உட்கார்ந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. ஊசி போட்டால் ஒரு நாளோ இரண்டு நாளோ காய்ச்சலும் கைவலியும் வரும், அது இயல்பு, பயப்பட வேண்டாம் என்று அரசு சொன்னது. மாதச் சம்பளக்காரருக்கு அது ஆறுதல். கட்டை அடுக்கும் பெண்ணுக்கு அதுவே இரண்டு நாள் கூலி போகும் என்ற முன்னறிவிப்பு. ஊசிக்குப் பின் அரைமணி நேரம் உட்கார வேண்டும் என்ற விதிகூட அவள் கணக்கில் இத்தனை கட்டை குறைவு என்றுதான் விழும். அந்தக் கூலியை யார் தருவார்கள் என்பதும் பொறுப்பு பற்றிய கேள்விதானே.

அரசு ஆவணங்களில் வராத இன்னொரு சிக்கலையும் இங்கேயே சொல்ல வேண்டும். கோவிஷீல்டு ஒரு குப்பியில் 10 பேருக்கான மருந்து. 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். மூடியில் ஊசி இறங்கிவிட்டால் 4 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிஞ்சினால் வீண். 2021 ஏப்ரல் 11 வரைக்குமான கணக்கில் தமிழ்நாட்டில் வீணான மருந்து 12.10 சதவீதம், நாட்டிலேயே அதிகம் என்று செய்தி வந்ததும் மேலிடத்திலிருந்து நெருக்கடி இறங்கியது. ஒரு சிற்றூரின் சமுதாயக் கூடத்தில் செவிலியர் நீலநிற மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். ஆறு பேர் வந்திருக்கிறார்கள். ஆறு பேருக்காகக் குப்பியைத் திறந்தால் நான்கு டோஸ் வீண். மேலே பதில் சொல்ல வேண்டும். திறக்காவிட்டால் காத்திருக்கும் ஆறு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். “இன்னும் நாலு பேரு வரட்டும் தாயி” என்கிறார். பதினோரு மணி ஆகிறது. ஆட்டைப் பத்திவிட வேண்டியவர் எழுந்து போகிறார். அவரைப் பார்த்து இன்னொருவர். பல நாள் யோசித்து மனசைத் தேற்றிக்கொண்டு வந்தவர்கள் இவர்கள். திரும்பிப் போனவர்களையும் கணக்கெடுப்பு தயங்கியவர் பட்டியலில்தான் சேர்க்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2014இல் தடுப்பூசித் தயக்கத்துக்கு மூன்று வேர்களைச் சொன்னது: நோயைப் பற்றிய அலட்சியம், ஊசி எளிதில் கிடைக்காமை, நம்பிக்கையின்மை. பயனுள்ள வகைப்பாடுதான். ஆனால் மேலே சொன்ன கூடத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றையொன்று பெற்றுக்கொள்கின்றன. காத்திருந்து ஏமாந்தவர் ஊருக்குள் போய்க் குப்பிக் கணக்கையா விளக்குவார்? “அது வேணாம், எனக்குப் பிடிக்கல” என்பார். கேட்பவருக்கு அது வேறு பொருள் தரும்.

இரண்டாவது காரணம் பழையது. கொரோனாவுக்கு வெகு காலத்துக்கு முன்பே இந்த மண்ணுக்கு ஒரு தொற்றுநோய் ஒழுக்கம் உண்டு. அது அம்மையின் ஒழுக்கம். வீட்டில் ஒருவருக்கு முத்துப் போட்டுவிட்டால் வாசலில் வேப்பிலை, வெளியாள் வரக் கூடாது, தாளிக்கக் கூடாது, கறி, மீன் கிடையாது, தண்ணீர் ஊற்றுகிறவரை வீடே பத்தியம். ஊசி போடவே கூடாது. தாய் விளையாடும் உடம்பில் இரும்பு படலாமா? சாத்தூர் பக்கம் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கும் இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடியில் நடந்து போகும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒழுக்கம் இன்னும் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று தெரியும். இதில் பாதி, இன்றைய மருத்துவம் சொல்லும் தனிமைப்படுத்தலே. ஆகவே 2020இல் வீட்டுக்கு வீடு ஸ்டிக்கர் ஒட்டி, வெளியே வராதே என்றபோது இந்த வட்டாரத்துக்கு அது புதிய பாடம் ஆகவில்லை. புதிதாக இருந்தது, நோயில்லாத உடம்பில் நோயைத் தடுக்க ஊசி என்பதுதான்.

அம்மை குத்துதல் என்ற பெயரில் அந்தப் பாடமும் இருநூறு ஆண்டுகளாக வந்துகொண்டிருப்பதுதான். 1802இல் இந்தியாவுக்கு வந்த ஜென்னரின் முறையை மக்கள் ஏற்காதது கண்டு சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் ஒரு தந்திரம் செய்தார். திருக்குறளுக்கு உரை எழுதிய அதே எல்லிஸ்தான். தன்வந்திரிக்கும் சக்திக்கும் நடக்கும் உரையாடலாக ஒரு கதை கட்டினார். பசு தரும் ஐந்து பொருள்களோடு ஆறாவதாக, அம்மையைத் தடுக்கும் பாலையும் தேவியே அருளினாள் என்பது அதன் சாரம். வெள்ளைக்கார அதிகாரி தமிழ்ப் புராணம் எழுதியது இன்று சிரிப்பை வரவழைக்கலாம். பின்னாளில் ஆராய்ந்தவர்கள் அதைப் பக்தி வேடம் போட்ட பொய் என்றே சொன்னார்கள். ஆனால் ஒன்றை அவர் சரியாகப் பிடித்தார்: ஊசியைவிட, ஊசிக்கு யார் சாட்சி நிற்கிறார்கள் என்பதே மக்களுக்கு முக்கியம். அவர் தேடிய சாட்சி மாரியம்மன்.

கதை பலித்ததாகத் தெரியவில்லை. அன்றைய முறையே வெறுக்கத்தக்கதாக இருந்தது. ஊசி போட்ட குழந்தையின் கையில் கொப்புளம் முற்றியதும் அதைக் கீறி எடுத்த பாலை அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். எந்த வீட்டுக் குழந்தையின் பால், எந்தச் சாதிக் குழந்தையின் பால் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? தன் குழந்தையின் கொப்புளத்தைக் கீற எந்தத் தாய் சம்மதிப்பாள்? கிண்டியில் கிங் நிலையம் அமைந்து கன்றுகளிலிருந்து அம்மைப்பால் தயாரித்த பிறகே இந்த அருவருப்பு குறைந்தது. அதற்குள் 1884இல் சென்னை மாகாணத்தில் கட்டாய அம்மை குத்தும் சட்டம் வந்துவிட்டது. கட்டாயத்தை எதிர்த்தவர்கள் நம்மவர் மட்டும் இல்லை. 1885இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். 1904இல் ரியோ டி ஜெனிரோவில் கலவரமே நடந்தது. காந்தியும் அம்மை குத்துவதற்கு எதிராக எழுதியவர்தான். ஆகவே தயக்கம் என்றால் கரிசல் காட்டுப் பாட்டி முகத்தை மட்டும் காட்டும் செய்திப்படங்கள் வரலாற்றுக்குப் பொருந்தாதவை.

மூன்றாவது காரணத்தை மெல்லத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது; ஆனால் சொல்லாமல் இந்த வட்டாரத்தைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையையும் மகனையும் போலீசார் பிடித்துப் போனார்கள். அரசு மருத்துவமனையில் உடல்நிலைச் சான்று வாங்கி, நீதித்துறை நடுவர் முன்னால் நிறுத்தி, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். 22ஆம் தேதி இரவு மகனும், 23ஆம் தேதி காலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். மக்களைத் தொற்றிலிருந்து காப்பதற்கென்று போட்ட விதியின் பெயரால் நடந்தது இது. ஏறத்தாழ ஏழு மாதம் கழித்து அதே அரசு, அதே மருத்துவமனை வளாகங்களில் தடுப்பூசிக்கு மேசை போட்டது. அங்கே வேலை பார்த்த செவிலியர்களுக்கும் நடந்த கொடுமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் காக்கிச் சட்டை, வெள்ளைக் கோட்டு, சான்றிதழ், கையெழுத்து என்று அரசாங்கம் பல உருவில் வந்தாலும் ஊருக்கு அது ஒரே ஆள்தான்.

கோவில்பட்டியும் சாத்தான்குளமும் அடங்கிய தூத்துக்குடி மாவட்டத்துக்கு அதற்கு முன்பே ஒரு காயம் உண்டு. 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பு ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு. 13 பேர் சாவு. மூடிய அந்த ஆலையை 2021 மே மாதம் ஆக்சிஜன் தயாரிக்கத் திறந்தார்கள், உச்ச நீதிமன்ற அனுமதியோடு. மூச்சுத் திணறிய நாட்டுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதை யார் மறுப்பார்கள்? ஆனாலும் நோயின் பெயரைச் சொல்லி வேறு ஏதோ நடக்கிறது என்ற எண்ணத்துக்கு இங்கே விளைநிலம் தயாராகவே இருந்தது. ஊசியில் சிப் இருக்கிறது, பிள்ளைப்பேறு நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த கதைகள் உலகம் முழுக்கச் சுற்றியவைதான். அவற்றை யார் எழுதினார்கள் என்று ஆராய்வதைவிட, எந்த ஊரில் ஏன் நின்றன என்று பார்ப்பது பயன்தரும்.

இத்தனைக்கும் தமிழ்நாடு தடுப்பூசியில் முன்னேறிய மாநிலம் என்ற பெயர் வாங்கியது. அந்தப் பெயரும் ஒரு சம்பவத்தில் ஆடிப்போனது உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 கைக்குழந்தைகள் இறந்தன. அரசு எடுத்த முடிவு, இனி மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் ஊசி என்பது. எச்சரிக்கையான முடிவு. ஆனால் ஊருக்குள் வந்துகொண்டிருந்த ஊசி பல மைல் தள்ளிப் போயிற்று. தேசியக் குடும்பநல ஆய்வின்படி எல்லாத் தடுப்பூசிகளும் பெற்ற குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06இல் 81 சதவீதம், 2015-16இல் 69.7. ஊசியை ஊரைவிட்டு விலக்கியது இந்தச் சரிவுக்கு முக்கியமான காரணமாகச் சொல்லப்படுகிறது. பிறகு ஊர்களுக்கே திரும்பிப் போனார்கள்; 2019-21 ஆய்வில் 89.2 சதவீதம். ஏறத்தாழ பதினைந்து ஆண்டு ஏற்ற இறக்கம். இடையில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா முகாம் வந்தபோது வாட்ஸ்அப் வதந்தி முதன்முதலாகப் பெரிய அளவில் வேலை செய்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு வந்த முகாம் அது. தில்லியிலிருந்து வரும் எதையும் சந்தேகிக்கும் மனநிலை கல்லூரி மாணவர் வரை பரவியிருந்தது. குறித்த நாளுக்குள் இலக்கை எட்ட முடியாமல் முகாமை நீட்டித்தார்கள். நான்கு ஆண்டு கழித்து வரப்போவதன் ஒத்திகை அது. அரசு அதிலிருந்து என்ன கற்றது என்பதற்குத் தடயம் அதிகம் இல்லை.

இங்கே ஒரு முரணைக் கவனிக்கலாம். 2020 ஏப்ரலில் இருந்து அதே அரசு தெருமுனைகளில் கபசுரக் குடிநீர் கொடுத்தது. கோவில்பட்டியில் வரிசையில் நின்று டம்ளர் டம்ளராக வாங்கிக் குடித்தார்கள். அதற்கு எத்தனை சோதனை நடந்தது, எத்தனை சதவீதம் பலன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கசப்பாக இருந்தால் நல்லது என்பதே போதுமான ஆதாரம். படித்தவர்கள் இதைச் சுட்டிக்காட்டி மக்களைக் கேலி செய்தார்கள். ஆனால் கசாயத்தில் யார் பொறுப்பு என்ற கேள்விக்கே இடமில்லை: அடுப்பில் கொதிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, கொடுப்பவரும் குடிக்கிறார், வேண்டாமென்றால் கீழே ஊற்றலாம். ஊசி உள்ளே போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது.

போதாக்குறைக்கு ஊசிக்கு முதலில் தயங்கியவர்கள் வெள்ளைக் கோட்டுக்காரர்களே. 2021 ஜனவரி 16 அன்று மதுரையில் தொடங்கிய முதல் நாளில், சுகாதாரப் பணியாளர்களுக்கென ஒதுக்கிய இடங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தமிழ்நாட்டில் நிரம்பியது. கோவேக்சினுக்கு மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வருமுன்பே அனுமதி கொடுத்ததுதான் அவர்களின் தயக்கத்துக்கு முக்கியக் காரணம். நியாயமான காரணம் என்றே சொல்வேன். அந்த முடிவுகள் நவம்பரில் லான்செட் இதழில் 77.8 சதவீதச் செயல்திறன் என்று வெளிவந்தன. ஜனவரியில் டாக்டர் தயங்கினால் அது அறிவியல் எச்சரிக்கை. ஏப்ரலில் தீப்பெட்டி ஆபீஸ்காரி தயங்கினால் அது மூடநம்பிக்கை. இந்தப் பாகுபாட்டை ஊர் கவனித்திருந்தது.

பிறகு மே மாதம் வந்தது. 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை. ஒவ்வொரு தெருவிலும் தெரிந்த ஒருவர் இல்லாமல் போனார். இதே வாரத்தில்தான் புதுச்சேரியில் மறைந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணனைச் சொந்த ஊரான இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அவரை எடுத்தது தொற்று அல்ல, முதுமை. ஆனால் கரிசலின் கதைசொல்லிக்கு மண் போடக் கரிசல் சனம் திரண்டு வர முடியாதபடி ஊரடங்கு. அவர் இருந்திருந்தால் இந்த ஊசிக் கதைகளையும் தொகுத்திருப்பார், கெட்ட வார்த்தைகளோடு சேர்த்து.

ஆக, மே முடிவதற்குள் நிலைமை தலைகீழ். நோய் பற்றிய பயம் ஊசி பற்றிய பயத்தை மிஞ்சிவிட்டது. இப்போது மருந்து இல்லை. விடிகாலையிலேயே டோக்கனுக்கு வரிசை; டோக்கன் தீர்ந்ததும் கூச்சல். மாநில அரசு உலகளாவிய டெண்டர் விட்டது; ஒருவரும் வரவில்லை. செங்கல்பட்டில் கட்டி முடித்தும் உற்பத்தி தொடங்காமல் கிடந்த தடுப்பூசி வளாகத்தை முதல்வர் ஸ்டாலின் மே 25இல் போய்ப் பார்த்தார். ஏப்ரலில் மருந்தை வீணாக்கியதாகப் பழி சுமந்த அதே செவிலியர்கள், பத்துப் பேர் குப்பியில் மிகையாக இருக்கும் சொட்டையும் சேர்த்துப் பதினொன்றாவது ஆளுக்குப் போடும் கைத்திறன் பெற்றுவிட்டார்கள்.

செப்டம்பர் 12இல் தொடங்கிய மெகா முகாம்கள் வேறொரு வேகம். முதல் நாளில் 40,000 இடங்கள். 20 லட்சம் என்று இலக்கு வைத்து 28.91 லட்சம் பேருக்குப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிச் சில வாரம் ஓடியது. பிறகு ஒரு விஷயம் தெரிந்தது. ஞாயிறு என்றால் கறி எடுக்கும் நாள். சிலருக்குக் குடிக்கும் நாளும் அதுதான். ஊசி போட்டால் கறி ஆகாது, சாராயம் ஆகாது என்று சனம் தானே முடிவு செய்திருந்தது. எந்த மருத்துவரும் கறியை விலக்கச் சொல்லவில்லை. அம்மைக்குரிய பத்தியத்தை எடுத்து ஊசிக்குப் பொருத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் இதை வெளிப்படையாகவே சொல்லி, ஆறாவது முகாமை அக்டோபர் 23 சனிக்கிழமைக்கு மாற்றினார்.

இந்த மாற்றம் பத்திரிகைகளில் ஒரு வேடிக்கைச் செய்தியாக வந்து போயிற்று. எனக்கு இது முழுத் தடுப்பூசி இயக்கத்திலும் நடந்த அறிவார்ந்த காரியங்களில் ஒன்றாகப் படுகிறது. எல்லிஸ் தேவியைத் தன் பக்கம் இழுக்கக் கதை கட்டினார். 2021இன் அரசு கதை எதுவும் கட்டவில்லை. உன் பத்தியத்தை நீ வைத்துக்கொள், நான் நாளை மாற்றிக்கொள்கிறேன் என்றது. பத்தியம் என்று ஒருவர் நினைக்கத் தொடங்கிவிட்டாலே அவர் மனத்தளவில் ஊசியை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம். கோவளத்தில் பிரியாணியும் பரிசுக் குலுக்கலும் கொடுத்துப் பார்த்தார்கள், அதற்கும் பலன் இருந்தது. ஆனால் பிரியாணி காட்டி அழைப்பதும் பத்தியத்துக்கு இடம் விடுவதும் ஒன்றாகுமா?

அதே அரசு மறுகையில் பிரம்பையும் எடுத்தது. நீலகிரியில் ஊசி போட்டவர்களுக்கு மட்டும் டாஸ்மாக் சரக்கு என்று மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. நவம்பரில் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, கடைவீதி முதல் திரையரங்கு வரை ஊசி போடாதவர்களுக்குக் கட்டுப்பாடு அறிவித்தார்கள். 1939இல் சென்னை மாகாணத்தில் போட்ட சட்டம் அது. ரேஷன் நிறுத்துவார்களாம், நூறு நாள் வேலை கிடையாதாம் என்று ஊருக்குள் பேச்சு உலவியது. அதைக் கேட்டுப் போட்டுக்கொண்டவர்கள் கணிசம். கணக்கில் அவர்களும் சம்மதித்தவர்கள். 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, அன்றிருந்த தொற்று நிலையில் இத்தகைய கட்டுப்பாடுகள் அளவுக்கு மீறியவை என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னது: ஊசிக்குப் பின் வரும் பாதிப்புகளைத் தனி ஆட்களும் தனியார் மருத்துவர்களும் பதிவு செய்ய வழி வேண்டும், அந்த விவரம் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும்.

2022 நவம்பரில், ஊசிக்குப் பின் மகள்களை இழந்த பெற்றோர் தொடுத்த வழக்கில் மத்திய அரசு பதில் மனு போட்டது. ஊசி போடச் சட்டக் கட்டாயம் இல்லை. மரணத்துக்கு அரசைப் பொறுப்பாக்க முடியாது. இழப்பீடு வேண்டுவோர் சிவில் நீதிமன்றத்தை அணுகலாம். பிரிட்டனில் 1979 முதல் தடுப்பூசிப் பாதிப்புக்கென ஒரு சட்டம் இருக்கிறது. கடும் பாதிப்பு நிரூபணமானால் 1,20,000 பவுண்டு, யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. அந்த நாட்டில் ஊசி அதிக ஆபத்தானது என்று அதற்குப் பொருளில்லை. கோடிக்கணக்கானோர் நன்மைக்காகப் போடும் ஊசியில் லட்சத்தில் ஒருவருக்கு வரும் கேட்டைச் சமூகம் ஏற்கும் என்பது ஏற்பாடு. கொரோனா ஊசிகள் காப்பாற்றிய உயிர்களோடு வைத்துப் பார்த்தால் பாதிப்புகள் மிக அரிது. அரிது என்பதாலேயே இழப்பீடு தருவதும் கைக்கெட்டும் செலவுதான்.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஊசி போட்ட நாலாம் நாள் நெஞ்சுவலியில் இறந்தால் என்ன நடக்கும்? பிரேதப் பரிசோதனை நடக்காது. அன்றே எடுத்துவிடுவார்கள். மாரடைப்பா, ஊசியா என்று எந்தக் குழுவும் சொல்ல முடியாது, சொல்லத் தேவையான தாள் எதுவும் இருக்காது. ஊர் தானாக ஒரு முடிவுக்கு வரும். பத்தில் ஒன்பது முறை அந்த முடிவு தவறாக இருக்கும். புனேயில் இருக்கும் ஊசிக் கம்பெனி மீது சிவில் வழக்குப் போடலாம் என்பது அந்த வீட்டுக்கு ஒரு பதிலே ஆகாது.

அடுத்த ஊசி வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் போடத் தமிழ்நாடு அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. வரவேற்க வேண்டிய திட்டம். இதே ஊசிக்கு இந்தியாவில் ஒரு முன்கதை உண்டு. அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 2009இல் தொடங்கிய செயல்முறை ஆய்வு, சில சிறுமிகளின் மரணச் செய்தி வந்ததும் 2010இல் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்றே விசாரணையில் தெரிந்தது. ஆனால் பல ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தது அம்பலமாகி, நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. அதற்குப் பின் நாடு தழுவிய எச்.பி.வி. ஊசித் திட்டத்துக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

கோவில்பட்டி வட்டாரப் பள்ளிகளில் அந்தப் படிவம் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் பையில் வீட்டுக்குப் போகும். இரவு வேலை முடிந்து வந்த அம்மா அதில் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தில் ஊசியின் பலன்கள் தமிழில் இருக்கும், அது நிச்சயம். காய்ச்சல் வந்தால் எந்த நேரமும் கூப்பிட ஒரு செவிலியரின் பெயரும் எண்ணும், ஏதேனும் நேர்ந்தால் எத்தனை நாளில் யார் வந்து விசாரித்து எழுத்தில் பதில் தருவார்கள் என்ற நான்கு வரியும் அதன் கீழே அச்சாக வேண்டும். ஒரு தாளில் இடம் இருக்கிறது.